மழை பெய்யாத படம்

நேயர்களுக்கு என் வணக்கம். சிறு வயதில் பார்த்து மனத்தில் தங்கிவிட்ட திரைப்படங்களைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக வீட்டில் இதையே பேசி, கேட்பவர்களை ஒவ்வொருவராக எழுந்து போகவைத்தவன் நான். எழுந்து போவது என் கண்ணுக்குத் தெரியாத நேயர்கள் இன்று கிடைத்திருப்பது பெரிய வசதி.

எந்தப் படம் சிறந்தது, எந்த நடிகர் உயர்ந்தவர் என்ற பட்டியலுக்குள் நான் போகப் போவதில்லை. அந்தப் பட்டியல் ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு பெயரைக்கூட மற்றவரால் மாற்ற முடியாது. எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறொன்று. பிள்ளைப் பருவத்தில் நாம் பார்த்தது ஒரு படத்தின் ஏதோ ஒரு பிரதியைத்தான். பல அரங்குகளில் ஓடி, இயந்திரத்தின் பற்சக்கரங்களில் எண்ணற்ற முறை ஏறி இறங்கி, அறுந்து, ஒட்டப்பட்டு, கீறல் விழுந்து, கடைசியில் நம் முன்னே வந்து சேர்ந்த பிரதி அது. ஆயுள் முழுக்க நாம் நினைவில் சுமந்துகொண்டிருப்பது அந்தப் பிரதியைத்தான் என்று நான் சொன்னால் பலரும் சிரிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பிரதி எனக்கு ஒரு தகப்பனைப் பற்றி ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தப்பெண்ணம் கொள்ளவைத்துவிட்டது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதன் பெயரை வேண்டுமென்றே சொல்லாமல் விடுகிறேன். சொன்னால், நீங்கள் இன்றிரவே அதைத் தேடிப் பார்த்துவிட்டு, நான் சொல்லும் மழை அதில் எங்கேயும் இல்லையே என்று நிலையத்துக்குக் கடிதம் எழுதுவீர்கள். மழை இல்லைதான். கதையே அதுதான்.

அந்தப் படத்தில், வேலை தேடி வெளியூர் போகும் ஒரு தகப்பன் விடியற்காலையில் வீட்டை விட்டு இறங்குகிறார். ஏறக்குறைய என் வயதுள்ள அவருடைய மகன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். மழை கொட்டுகிறது. தகப்பனிடம் குடை இல்லை. தோளில் ஒரு துணிமூட்டை மட்டும் இருக்கிறது. நனைந்தபடியே அந்த நீண்ட தெருவில் நடந்து, முனையை நெருங்கும்போது சட்டென்று மறைந்துவிடுகிறார். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. அடுத்த காட்சியில் பையன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அன்று வீடு திரும்பும் வழியில், "ஏம்மா, ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?" என்று அக்கா கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கோ அந்த மனிதர் மேல் வந்த கோபம் தணியவே இல்லை. படத்தின் முடிவில் அவர் திரும்பி வந்து மகனைத் தூக்கிக்கொண்டபோது அரங்கமே கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எத்தனையோ படங்கள் வந்து போய்விட்டன. எனக்கு ஐம்பத்தெட்டு வயதானபோது, புதுப்பிக்கப்பட்ட டிஜிட்டல் பிரதி ஒன்று கிடைத்ததாகச் சொல்லி என் மகள் அந்தப் படத்தைக் கணினியில் ஓடவிட்டாள். அந்தக் காட்சி நெருங்க நெருங்க எனக்கு நெஞ்சு படபடத்தது. தகப்பன் வாசற்படியில் இறங்கினார். தெருவில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. காலை வெயில் சாய்வாக விழுந்துகிடந்தது. அவருடைய செருப்பிலிருந்து ஒவ்வொரு அடிக்கும் புழுதி எழும்பியதைக்கூடப் பார்க்க முடிந்தது. வேறு படத்தைப் போட்டுவிட்டாளோ என்று மகளைக் கேட்டேன். உடனே அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த எடுப்பிலேயே, "எந்தப் படம்? மழையில குடைகூட இல்லாம போவாரே, அதுவா?" என்றாள். ஒருவருக்கு மறதி வரலாம். இரண்டு சாட்சிகளுக்கும் ஒரே மழை பெய்யுமா?

இந்தப் புதிரை அவிழ்த்தவர், பல ஆண்டுகள் அரங்குகளில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். நான் சொன்னதைப் பாதி கேட்டதும், "அது மழை இல்லீங்க, கோடு" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு முழ நீளப் பிலிம் துண்டை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். பளபளவென்று இருந்த அதன் முதுகுப் பக்கத்தில், தலைமுடியைவிட மெல்லிய கீறல்கள் மேலிருந்து கீழாக நூல் பிடித்தாற்போல் ஓடின. நகத்தை மெதுவாகக் குறுக்கே வைத்து இழுத்தபோது, ஒவ்வொரு கீறலிலும் அது துளித்துளியாகத் தட்டியது.

பிலிம் இயந்திரத்துக்குள் மேலிருந்து கீழாக ஓடுவதால், வழியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் அது போடும் கீறல் செங்குத்தாகத்தான் விழும். முதுகில் விழுந்த கீறலில் பட்ட ஒளி நேரே போகாமல் சிதறிவிடுவதால் திரையில் கறுப்புக் கோடு தெரியும். படம் பதிந்திருக்கும் பக்கத்தில் ஆழமாகக் கீறினால், அங்கே படமே சுரண்டப்பட்டுவிடுவதால் வெள்ளைக் கோடு தெரியும். ஒரு வினாடிக்கு 24 ஃபிரேம், அதாவது பிலிமில் அடுத்தடுத்துப் பதிந்த 24 தனிப் படங்கள், வீதம் படம் ஓடும்போது, இந்தக் கறுப்பும் வெள்ளையுமான கோடுகள் ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறித் துடிக்கும். பழைய பிரதியைப் பார்த்து "படத்தில் மழை பெய்கிறது" என்று பெரியவர்கள் கேலியாகச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஒன்பது வயதுப் பையனுக்கு அது கேலியாகத் தெரியவில்லை. அவன் அந்த மழையில் நனைந்துவிட்டு வந்தான்.

அப்படியானால் படம் முழுவதும் அல்லவா மழை பெய்திருக்க வேண்டும், அந்த ஒரு காட்சியில் மட்டும் ஏன் என்று நான் வாதாடினேன். அவர் சிரித்துக்கொண்டே, காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று பார்க்கச் சொன்னார். கணக்கு இதுதான்: முப்பத்தைந்து மில்லிமீட்டர் பிலிம் ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடும். அந்தக் காலத்தில் அரங்குக்கு வந்த படப்பெட்டியில் இருந்த சுருள்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டாயிரம் அடிக்குள் இருக்கும். அதாவது, ஒரு சுருள் இருபது நிமிடம், மிஞ்சிப்போனால் இருபத்திரண்டு நிமிடம் ஓடும். சுருளின் நடுப்பகுதி உள்ளே பத்திரமாக இருக்கும். தலையும் வாலும்தான் கையில் படும், தரையில் இழுபடும், இயந்திரத்தில் மாட்டும்போதும் கழற்றும்போதும் சிக்கிக் கிழியும். ஆகவே, மழை பெரும்பாலும் சுருள் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும்தான் வலுக்கும். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தகப்பன் வாசற்படி இறங்கும் காட்சி முப்பத்தொன்பதாவது நிமிடத்தில் இருந்தது. அதுவே இரண்டாவது சுருளின் வால்.

ஆனால், மழை போனதைவிட என்னை நிலைகுலைய வைத்தது வேறொன்று. அந்த டிஜிட்டல் பிரதியில் தகப்பன் தெருமுனையில் மறையவில்லை. அங்கே நின்றார். மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். பிறகு திரும்பி, வாசலில் நிற்கும் மகனை நெடுநேரம் பார்த்தார். நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது. மகள் மறுபடி ஓட்டி அளந்து, ஆறு வினாடி என்றாள். ஆறு வினாடி என்றால் நூற்று நாற்பத்து நான்கு ஃபிரேம். பிலிம் கணக்கில் ஒன்பது அடி. எங்கோ ஒரு அரங்கில் சுருளின் வால் கிழிந்திருக்கும், ஓர் ஆபரேட்டர் கிழிந்ததை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சீராக்கியிருப்பார், அடுத்த அரங்கில் இன்னும் கொஞ்சம் போயிருக்கும். இப்படியே தேய்ந்து தேய்ந்து எங்களிடம் வந்து சேர்ந்தபோது அந்தத் தகப்பனின் பார்வை பிரதியில் இல்லை. ஒன்பது அடி பிலிம் இல்லாமல் போனதற்காக ஒரு நல்ல மனிதரை நான் அத்தனை ஆண்டுகள் மன்னிக்காமல் இருந்திருக்கிறேன்.

பெரியவர் இன்னொன்றும் நினைவூட்டினார். சுருள் முடியப் போவதைக் காட்ட, திரையின் வலது மேல் மூலையில் ஒரு சிறு வட்டப் புள்ளி கண நேரம் தோன்றி மறையும். சுமார் எட்டு வினாடி இருக்கும்போது ஒரு முறையும், ஒரு வினாடி இருக்கும்போது இன்னொரு முறையும் அது வரும். முதல் புள்ளியைப் பார்த்து ஆபரேட்டர், அடுத்த சுருள் மாட்டியிருக்கும் இன்னொரு இயந்திரத்தை முடுக்கிவிடுவார். இரண்டாவதைப் பார்த்துப் படத்தை அதற்கு மாற்றிவிடுவார். எங்கள் அக்கா அந்தப் புள்ளியைப் "படம் கண் சிமிட்டுகிறது" என்பாள். வால் வெட்டுப்பட்டுப் புள்ளியும் போய்விட்டால், ஆபரேட்டர் ஊசியால் தாமே ஒரு கீறல் போட்டுக்கொள்வாராம்.

புதுப் பிரதியில் மழை எப்படி நின்றது என்று கேட்பீர்கள். புதுப் பிரதியை மூல நெகட்டிவிலிருந்து எடுக்கிறார்கள். அது அரங்கு இயந்திரத்துக்குள் ஒருநாளும் போனதில்லை. அதிலும் கீறல் இருந்தால், பிலிமை ஒரு திரவத்துக்குள் ஓடவிட்டபடியே நகலெடுப்பது உண்டு. குளியலறை ஜன்னலின் சொரசொரப்பான கண்ணாடியில் தண்ணீர் பட்டால், பட்ட இடம் மட்டும் தெளிந்து வெளியே இருப்பது தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். இங்கேயும் அதேதான்: பிலிமைப் போலவே ஒளியை வளைக்கும் திரவம் கீறலுக்குள் நிறைந்துகொண்டால், கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மழையை நிறுத்துவதற்குப் படத்தை நனைக்கிறார்கள் என்று இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் இதற்கு இப்போது யாரும் சிரிப்பதில்லை.

என்னுடைய விஷயத்தில் நினைவு ஏமாற்றவில்லை. அது கண்டதைக் கண்டபடி வைத்திருந்தது. எப்போதும் அப்படி இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கேம்பிரிட்ஜில் இருந்த உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட், தமது ஆய்வுகளை 1932-ல் நூலாக வெளியிட்டார். வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பச் சொல்லவைத்தார். சொல்லச் சொல்லக் கதை சுருங்கியது, புரியாதவை உதிர்ந்தன, சிறு ஓடம் படகாகி, கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாகிவிட்டது. திரும்பச் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தங்களுக்குப் பழக்கமான உலகத்துக்கு ஏற்றபடி மனம் கதையைத் தைத்துக் கொடுத்துவிட்டது.

சினிமாவின் பிள்ளைப் பருவத்துக்கே இப்படி ஒரு நினைவு உண்டு. 1895 டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டியபோது, திரையில் ரயில் வருவதைப் பார்த்து மக்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள் என்று நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். அன்று காட்டிய பத்துக் குறும்படங்களில் அந்த ரயில் படம் இல்லவே இல்லை. பிறகு அதைக் காட்டியபோது ஓடினார்கள் என்பதற்கும் அந்தக் காலத்துச் சான்று எதுவும் வலுவாகக் கிடைப்பதில்லை. இருந்தாலும், அந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஒன்பது வயதில் நானும் ஓடியிருப்பேன்.

குறை என்று நாம் நினைப்பது குழந்தைக்கு வேறாகத் தெரியும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். 1933-ல் வந்த கிங் காங் படத்தின் ராட்சதக் குரங்கு, பெரும்பாலான காட்சிகளில் ஒன்றரை அடி உயரப் பொம்மைதான். வில்லிஸ் ஓப்ரையனின் குழுவினர் அதன் கைகால்களை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாகப் படமெடுத்தார்கள். தொட்ட விரல்களால் ரோமம் கலைந்துபோய், ஓடும் படத்தில் உடம்பெல்லாம் மயிர் சிலிர்ப்பதுபோல் தெரிகிறது. சிறு வயதில் நான் அதைக் கோபம் என்று நம்பினேன். காரணம் தெரிந்த பிறகும் எனக்கு அது கோபமாகத்தான் தெரிகிறது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து நிகழ்ச்சித் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். பாடல்களைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதிலிருந்து ஒன்றை மட்டும் சொல்கிறேன். சிறு வயதில் தொலைக்காட்சியில் கேட்டுப் பழகிய பாட்டை இன்று கேட்டால், சுருதி கொஞ்சம் இறங்கியிருப்பதாகச் சிலருக்குத் தோன்றும். காது கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டியதில்லை. வினாடிக்கு 25 படம் காட்டும் தொலைக்காட்சி முறையில், 24 ஃபிரேம் படத்தைச் சற்று வேகமாக ஓட்டினார்கள். நூறு நிமிடப் படம் தொண்ணூற்றாறு நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறி ஒலிக்கும். அரங்கில் கேட்டவரும் வீட்டில் கேட்டவரும் வெவ்வேறு சுருதியில் முணுமுணுத்தால், இருவருமே சரியாகத்தான் பாடுகிறார்கள்.

இப்போது ஒரு விரல்தான் தெரிகிறது. அக்காவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அந்தத் தகப்பன் திரும்பிப் பார்த்த காட்சியை அவளுக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் பேசினாள். "பார்த்துட்டேன், பாவம் அந்த மனுஷன்" என்றாள். பிறகு, "ஆனா மழை இல்லாம நல்லாவே இல்லடா" என்றாள்.

வணக்கம்.