பூன் டாட் தெருவில் அம்மாவுடன்

நேயர்களுக்கு வணக்கம். வார நாள்களில் இரவு 7 மணி ஆனதும் சிங்கப்பூரில் ஒரு தெருவை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். பூன் டாட் தெரு. சுற்றிலும் வங்கிகளின் வானளாவிய கட்டடங்கள். நடுரோட்டில் மேசை நாற்காலிகள் வந்துவிடும், ஓரமாகக் கரி அடுப்புகள் பற்றிக்கொள்ளும், புகை கிளம்பும். அங்கே விற்பது சாத்தே, அதாவது குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி.

ஆறு வருடங்களுக்கு முன்னால் வேலை விஷயமாகப் போனபோது தனியாக அங்கே சாப்பிட்டேன். அந்த மணம் என்னை விடவே இல்லை. போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அதே மூலை, அதே கடை. அடுப்படியில் நின்றவர் மட்டும் வேறு ஆள், இளைஞர்.

குறைந்தது பத்துக் குச்சி வாங்க வேண்டும். கோழி பத்து, ஆடு பத்து சொன்னேன். இறைச்சியை மஞ்சள், கொத்தமல்லி விதை, எலுமிச்சைப்புல், சித்தரத்தை போன்ற ஒரு கிழங்கு, கொஞ்சம் சர்க்கரை எல்லாம் அரைத்துப் புரட்டி ஊற வைக்கிறார்கள். அந்தச் சர்க்கரைதான் தணலில் உருகி, ஓரங்களைக் கருக்கி மினுமினுக்க வைக்கிறது. இளைஞர் ஒரு கையால் குச்சிகளைத் திருப்பிக்கொண்டே மறுகையால் விசிறினார். எலுமிச்சைப்புல் தண்டின் நுனியை நசுக்கித் தூரிகை மாதிரி ஆக்கி, எண்ணெயில் தோய்த்துத் தடவினார். அம்மா சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னெல்லாம் தென்னை ஈர்க்கில்தான் கோப்பார்களாம், இப்போது மூங்கில்” என்றேன். “ஈர்க்கா? சரிதான், நம்ம ஆட்கள்தான்” என்றார் அம்மா. தட்டில் வெள்ளரி, பச்சை வெங்காயம், அப்புறம் கெத்துபாட். தென்னங்குருத்தோலையில் பின்னிய கூட்டுக்குள் அரிசி போட்டு வேகவைத்து, கட்டியானதும் துண்டு போடுவார்கள். தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு. அதில் இனிப்பு தூக்கல் என்றார் அம்மா. ஆனாலும் கிண்ணம் காலியாயிற்று.

பக்கத்தில் இருக்கும் எண்கோணச் சந்தைக்கு லாவ் பா சாட் என்று பெயர். பழைய சந்தை என்று அர்த்தம். 1894-இல் கட்டியது, வார்ப்பிரும்பெல்லாம் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தது. மெட்ரோ ரயில் சுரங்க வேலைக்காக 1986-இல் அதைக் கழற்றி, பிறகு மறுபடி பூட்டினார்கள். எனக்கு அது பிடித்த கதை. அம்மாவுக்கு அதில் அவ்வளவு ஆர்வமில்லை.

அவருக்கு வேறொன்று காத்திருந்தது. கை கழுவிவிட்டு அதே தெருவின் மறுகோடிக்கு நடந்தோம். தெலுக் ஆயர் தெரு சேரும் முக்கில், சின்னச் சின்ன மினார்களோடு ஒரு பழைய கட்டடம். நாகூர் தர்கா. சோழமண்டலக் கரையிலிருந்து போன முஸ்லிம்கள் நாகூர் ஆண்டவர் நினைவாக 1828-இலிருந்து 1830-க்குள் எழுப்பியது. எங்கள் ஊர் நாகூருக்குப் பக்கம். கந்தூரிக்கு என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் அம்மா. பூட்டிய கதவுக்கு வெளியே தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். முதல் முறை வந்தபோது நான் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அறைக்குத் திரும்பும்போது, நாளைக்கு வேறு எங்கே சாப்பிடலாம் என்று கேட்டேன்.

“அந்தத் தெருவை 7 மணிக்குத்தானே மூடுவார்கள்? ஆறரைக்கே போய்விடலாம்” என்றார் அம்மா.