ஒண்ணும் ஆகல, நல்லா இருக்கேன்

(எங்க ஸ்கூல் முன்னாள் மாணவர் சந்திப்புல பேசினது. வரமுடியாதவங்க கேட்டதால போன்ல பதிவானத கேட்டு அப்படியே டைப் பண்ணி போடுறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். விழாத் தலைவர் அவர்களே, காலைல பந்தல்காரங்க வர்றதுக்கு முன்னாடியே வந்து கேட்ட திறந்துவிட்ட தலைமையாசிரியை அம்மா அவர்களே, எத்தனையோ வேலைக்கு நடுவுல வந்திருக்கிற பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, இன்னைக்கு சாப்பாட்டுக்கு மொத்த அரிசியும் குடுத்த ரைஸ் மில் அண்ணாச்சி அவர்களே, எங்களுக்கு ஒன்பதாம் கிளாஸ்ல கணக்கு எடுத்து இன்னைக்கும் என்னைய ‘ஏலே’ன்னு கூப்பிடுற உரிமை உள்ள சார் அவர்களே, யாரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கிடுங்க, போன தடவை மைக்செட் தம்பிய சொல்லாம விட்டுட்டேன், பேச்சு நடுவுல ரெண்டு தடவை மைக் போச்சு, அதனால தம்பி, உனக்கும் வணக்கம்.

எனக்கு குடுத்த தலைப்பு ‘எது வெற்றி’. மூணு விஷயம் சொல்லலாம்னு எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, நம்ம தலைமுறை எத வெற்றின்னு நினைச்சு ஓடுச்சுங்கிறது. ரெண்டு, பிள்ளைங்க மார்க்கு, நீட்டு, அந்த கோச்சிங் கூத்து. மூணு, ரிடையர் ஆன பிறகு மனுஷன் என்ன பண்ணணும்ங்கிறது.

எங்க ஆச்சி ஒரு பழமொழி சொல்லுவா. ‘கல்யாண வீடுன்னா இவன்தான் மாப்பிள்ளையா இருக்கணும், எழவு வீடுன்னா இவன்தான் பொணமா இருக்கணும்.’ எங்க போனாலும் நடுவுல நான்தான், மாலை என் கழுத்துலதான். நம்ம வெற்றிங்கிறதெல்லாம் முக்கால்வாசி இதுதாங்க.

போன சந்திப்புக்கு வந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், புதுசா வந்தவங்களுக்காக சொல்றேன். எல்லாரும் ஒரு நிமிஷம் அறிமுகம் பண்ணிக்கிடலாம்னு ஏற்பாடு. ஒரு நிமிஷம்தான்னு நம்ம செயலாளர் கையில மணிய வேற குடுத்தாச்சு. மொத ஆளு எந்திரிச்சாரு, ஜெனரல் மேனேஜர், சார்ஜால இருந்து, அவர் பேர சொல்லி முடிக்கவே ஒரு நிமிஷம் ஆச்சு, ஏன்னா பேருக்கு பின்னாடி படிச்ச படிப்பெல்லாம் வருது. அடுத்தவரு வைஸ் பிரசிடென்ட். அவருக்கு அடுத்தவரு, அவரும் வைஸ் பிரசிடென்ட், ஆனா சீனியராம், அத ரெண்டு தடவை சொன்னாரு. ஒருத்தர் தன்னப் பத்தி சொல்லிட்டு மகனப் பத்தி சொன்னாரு, மகன் பேக்கேஜ் சொன்னாரு, மருமக பேக்கேஜும் சொன்னாரு, பேரன் எல்கேஜில ரைம்ஸ்ல பர்ஸ்ட்டுன்னாரு. செயலாளர் மணி அடிச்சு அடிச்சு கை வலிச்சு மணிய கீழ வச்சிட்டாரு. சாம்பார் ஆறிப்போச்சு, கேசரி கட்டியாகிப்போச்சு, சமையல்காரர் மூணு தடவை வந்து எட்டிப் பாத்துட்டு போயிட்டாரு, மைக்கு மட்டும் நகரவே மாட்டேங்குது, அத்தனை பேரும் அன்னைக்கு மாப்பிள்ளைதான்!

அந்தப் பக்கம் கடைசி பெஞ்சுல நம்ம கூட படிச்ச ஒருத்தன் உக்காந்திருந்தான். பேர் சொல்ல மாட்டேன், சொன்னா அவனுக்குப் பிடிக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல சைக்கிள் கடை. மைக்க கையில குடுத்தா திருப்பிக் குடுக்குறான், விடமாட்டோம்னு எல்லாரும் சத்தம் போடவும் எந்திரிச்சு, “நான் ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கேன். பசிக்குது, சாப்பிடலாமா”ன்னுட்டு உக்காந்துட்டான். ஹாலே சிரிச்சு கைதட்டுச்சு, சார்ஜாக்காரர் எந்திரிச்சு நின்னு தட்டினாரு. அன்னைக்கு கேட்டதுல எனக்கு இப்ப ஞாபகம் இருக்கிறது அந்த ஒரே அறிமுகம்தான்.

அப்புறம் நான் அவன் கடைக்கு போய் உக்காந்து கேட்டேன், என்னல அப்படி சொல்லிட்டன்னு. அவன் சாயங்காலம் கடைய மூடிட்டு நேரா கிளை நூலகத்துக்கு போறான், அங்க வெளித்திண்ணையில ரெண்டு பெரியவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, கண்ணு சரியா தெரியாது, அவங்களுக்கு பேப்பர சத்தமா வாசிச்சு காட்டுறான், தலைப்புச் செய்தில இருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும். “ஒரு நாள் போகலன்னா அவங்க தேடுவாங்கல்லா”ன்னான். அவ்வளவுதான் அவன் சொன்னது. தேடுறதுக்கு ஆளு இருக்கு. நம்மள்ல எத்தனை பேர ரிடையர் ஆன மறுநாள் ஆபீஸ் தேடிச்சு, சொல்லுங்க பாப்போம்.

பணம் வேண்டாம் பதவி வேண்டாம்னு சொல்ல வரல. ஏழ்மைய புகழ்ந்து பேசுறவங்க பெரும்பாலும் பென்ஷன் வாங்குறவங்க, என்னையும் சேத்துதான்.

நூலகம்னு சொன்னதும் ரெண்டு பேர சொல்லியாகணும். சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன், பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட மொத லைப்ரரியனா போறாரு. வெளியில இருந்து பாத்தா ப்ரமோஷன்தான். உள்ள போனா பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல, போரடிச்சுப்போய் என்னைய திரும்ப கிளாஸுக்கே அனுப்பிருங்கன்னு கேட்டிருக்காரு. லண்டன் போய் படிச்சிட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலன்னா பாக்கலாம்னு சொல்லி அனுப்பினாங்க. அங்க போய் நூலகத்துல சாதாரண சனங்க, பிள்ளைங்க எல்லாம் வந்து உக்காந்து படிக்கிறத பாத்துட்டு வந்தவரு அப்புறம் அந்த வேலைய விடவே இல்ல. 1931ல அவர் எழுதின அஞ்சு விதிய இன்னைக்கும் உலகம் பூரா லைப்ரரி சயின்ஸ்ல படிக்கிறாங்க, அதுல மொத விதி, புத்தகம் இருக்கிறது பயன்படுத்தத்தான், பூட்டி வைக்க இல்ல. அதே வருஷம் மன்னார்குடி பக்கம் கனகசபைப் பிள்ளைன்னு ஒருத்தர் மாட்டு வண்டியில புத்தகத்த ஏத்தி ஊர் ஊரா அனுப்பியிருக்காரு, யோசிச்சுப் பாருங்க.

இன்னொருத்தர் நமக்குப் பக்கம், ஸ்ரீவைகுண்டம் காலேஜ்ல லைப்ரரியனா இருந்த பாலம் கல்யாணசுந்தரம் அய்யா. வாங்கின சம்பளத்த அப்படியே ஏழைப் பிள்ளைங்களுக்கு குடுத்துட்டு தன் செலவுக்கு வேற வேலை பாத்தவரு, 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. விருது வராட்டியும் அவர் அப்படித்தான் இருந்திருப்பாரு. கல்யாண வீட்டுல மாப்பிள்ளையா நிக்கல, பந்தியில எல பொறுக்குறவரா நின்னாரு.

இப்ப நம்ம கிளை நூலகத்துக்கு வாரேன். ரெண்டாவது பாயிண்ட் என்னாச்சுன்னு சார் கேக்குறாரு, வாரேன் சார். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் கொட்டுச்சே, அந்த வெள்ளத்துல நம்ம நூலகத்துக்குள்ளயும் தண்ணி ஏறி கீழ் அடுக்குல இருந்த புத்தகம் பூரா ஊறிப்போச்சு. மேல இருந்தத தூக்கிட்டுப் போய் ஒரு வாடகை ரூம்ல வச்சிருக்கு, பிள்ளைங்க உக்கார இடம் இல்ல, திண்ணையும் இல்ல, அந்த ரெண்டு பெரியவங்க இப்ப சைக்கிள் கடைக்கே வந்துர்றாங்க. பழைய கட்டடம் அப்படியே நிக்குது, மனு குடுத்தாச்சு, அலைஞ்சாச்சு, ‘பாக்குறோம்’னு சொல்லியாச்சு. உங்க வீட்டு வரி ரசீத எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு ஒரு வரி இருக்கும், 1948ல வந்த சட்டம், இப்ப சொத்து வரியில 10 சதவீதம், இலவசமா ஒண்ணும் நாம கேக்கல. பேரூராட்சித் தலைவர் அம்மா இங்கேயே இருக்காங்க, தப்பா எடுத்துக்கிட மாட்டாங்க, அவங்க அப்பாவும் அந்த நூலகத்துல படிச்சவருதான்.

நம்ம பங்குக்கு புரவலர் திட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆயிரம் ரூபாய் கட்டினா நீங்க நூலகப் புரவலர். இந்த ஹால்ல இருக்கிற வைஸ் பிரசிடென்ட் மட்டும் சேந்தாலே புது ரேக் வாங்கிறலாம். ஒரே ஒரு கண்டிஷன், ‘உபயம்’னு ட்யூப்லைட்டு மேல பேர் எழுதக் கூடாது, எழுதினா வெளிச்சமே வராது, அங்கயும் நாமதான் மாப்பிள்ளையா?

செயலாளர் மணிய கையில எடுத்துட்டாரு. நீட்டு விஷயமும் ரிடையர்மென்ட் விஷயமும் அடுத்த சந்திப்புல பேசுறேன், சமையல்காரர் இப்பவே எட்டிப் பாக்குறாரு. பந்தி வாசல்ல நம்ம சைக்கிள் கடைக்காரன் புரவலர் ஃபாரமும் நோட்டும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், பணத்த கையில குடுத்தாலும் சரி, ஜிபே பண்ணினாலும் சரி, நாளைக்கே லைப்ரரியன்ட்ட கட்டி ரசீது வாங்கிரலாம். சாப்பிடப் போற வழிதான். வணக்கம்.