வளரும் கம்பனியும் வட்டி ஏறிய நாளும்

பெரியோர்களே, நண்பர்களே,

மண்டபத்துக்குள் நுழையும்போதே முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்: "தம்பி, என்னிடம் ஒரு கம்பனியின் பங்குகள் கொஞ்சம் இருக்கின்றன. விற்பனை கூடுகிறது, கிளைகள் கூடுகின்றன என்று வருடாவருடம் அறிக்கை அனுப்புகிறார்கள். பிறகு ஏன் பங்கின் விலை மட்டும் இறங்குகிறது?" நான் எழுதி வந்த குறிப்புகளைவிட அந்தக் கேள்வி நல்லது. குறிப்புகளை மடித்து வைத்துவிட்டேன்.

விற்பனை கூடுவதில்தான் பல நேரம் சிக்கலே தொடங்குகிறது, அம்மா. நம் திருகோணமலை மத்திய வீதியில் கடை வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வியாபாரம் பெருகினால் சரக்கை அதிகமாக வாங்கி அடுக்க வேண்டும். கடனுக்குக் கொடுத்த பொருளின் காசு வந்துசேர மாதங்கள் ஆகும். அதற்குள் புதிய களஞ்சியத்துக்கும் லொறிக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும். வருகிற காசுக்கு முன்னே போகிற காசு ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்புவது வங்கிக் கடன். கம்பனி எவ்வளவு வேகமாக வளர்கிறதோ, அவ்வளவுக்கு அது வங்கி வட்டியையும் டொலர் விலையையும் பங்குச் சந்தையின் மனநிலையையும் நம்பி நிற்கிறது. இந்த மூன்றில் ஒன்றைக்கூட அதன் பணிப்பாளர் சபை தீர்மானிப்பதில்லை.

வட்டியிலிருந்து தொடங்குகிறேன்; வங்கியின் கடன் பிரிவில் காலம் கழித்தவனுக்கு அதுதான் நாக்கில் முதலில் வரும். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை, அதாவது வங்கிகளோடு கொடுக்கல் வாங்கலுக்குத் தான் வைக்கும் வட்டியை, ஒரே அறிவிப்பில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பெரிய கம்பனிகளின் கடன்கள் பெரும்பாலும் முதன்மைக் கடன் வட்டி வீதத்தோடு, அதாவது வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கும் சராசரி வட்டியோடு, கட்டப்பட்டவை. அது ஏறினால் இவையும் ஏறும். 2021 இறுதியில் 9 சதவீதத்துக்கும் குறைவாக இருந்த அந்த வீதம், அடுத்த வருட இறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு கற்பனைக் கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் 100 கோடி ரூபாய், வட்டிக்கு முந்திய இலாபம் 20 கோடி. 9 சதவீதத்தில் 9 கோடி வட்டி போனாலும் 11 கோடி கையில் நிற்கும். 27 சதவீதத்தில் வட்டியே 27 கோடி. ஒரு மூட்டை விற்பனைகூடக் குறையவில்லை. ஆனாலும் கம்பனி 7 கோடி நட்டத்தில் நிற்கிறது. கடன் கடிதத்தில் 'மாறும் வட்டி' என்று இருக்கும் வரியை வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டவர்களை, என் அனுபவத்தில், விரல்விட்டு எண்ணலாம்.

இதைவிட மோசமானது காலப் பொருத்தமின்மை. பத்து வருடம் உழைக்க வேண்டிய தொழிற்சாலையை ஒரு வருடக் கடனில் கட்டுவார்கள். ஏன் என்று கேட்டால், குறுங்காலக் கடனுக்கு வட்டி அரைச் சதவீதம் மலிவு என்பார்கள். ஒவ்வொரு வருடமும் வங்கி புதுப்பித்துத் தரும் என்ற நம்பிக்கையில் அப்படிச் செய்கிறார்கள். வங்கிக்கே பணம் தட்டுப்படும் வருடத்தில்தான் அந்தப் புதுப்பித்தல் நின்றுபோகும். வாடை எழும்புவதற்கு முன் வள்ளத்தைக் கரையேற்றத் தெரிந்த ஊர் நம்முடையது. வட்டியின் வாடைக்கு நாட்காட்டி கிடையாது.

அடுத்தது டொலர். இதற்கு உதாரணம் தேடிக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. நம் துறைமுகக் கரையில் உள்ள டோக்கியோ சீமெந்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி. சீமெந்தின் மூலப்பொருளான கிளிங்கரை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கி இங்கே அரைக்கிறது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்தும் லங்கா ஐஓசியும் பட்டியலிடப்பட்டதுதான். இரண்டும் டொலரில் வாங்கி, ரூபாயில் விற்கின்றன. நல்ல கம்பனிகளா இல்லையா என்பது இன்றைய பேச்சு அல்ல. அவற்றின் தொழில் அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 203 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. பத்து இலட்சம் டொலர் இயந்திரக் கடன் வைத்திருந்தவருக்கு 20 கோடி 30 இலட்சமாக இருந்த கடன், புதிதாக ஒரு சதம்கூட வாங்காமலே, 36 கோடியாக வீங்கியது. முற்கூட்டியே மாற்று வீதத்தைப் பூட்டிவைக்கும் ஒப்பந்தங்கள் உண்டு என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மைதான். ஆனால் டொலரே இல்லாத சந்தையில் அத்தகைய ஒப்பந்தத்தை எழுதித்தர எந்த வங்கி முன்வரும்? மழை தொடங்கிய பிறகு குடைக்கடையில் குடை இருக்காது.

ரூபாய் விழுவது எல்லோருக்கும் கெடுதல் என்றும் நினைத்துவிடாதீர்கள். தேயிலையோ ஆடையோ ஏற்றுமதி செய்பவருக்கு அது கொண்டாட்டம். 2023இன் முற்பகுதியில் ரூபாய் பலம் பெற்றபோது அதே ஆட்கள் முகம் வாடினார்கள்.

பங்குச் சந்தையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 ஜனவரியில், கொழும்புச் சந்தையின் எல்லாப் பங்குகளின் விலைப் போக்கையும் ஒரே எண்ணில் காட்டும் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது. பிறகு விலைகள் சரிந்தன; ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையையே மூடி வைக்க வேண்டியதாயிற்று. இதனால் கம்பனிக்கு என்ன, பங்கு வைத்திருப்பவருக்குத்தானே நட்டம் என்று கேட்கலாம். கம்பனி உரிமைப் பங்குகளை, அதாவது இருக்கிற பங்குதாரருக்கே முதலில் விலைக்குக் கொடுக்கும் புதிய பங்குகளை, வெளியிட்டு 10 கோடி திரட்டப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ரூபாய் விலையில் 20 இலட்சம் பங்குகள் போதும். 20 ரூபாய்க்கு இறங்கியிருந்தால் 50 இலட்சம் பங்குகள் வேண்டும். புதிய பங்குகளுக்குப் பணம் கட்ட வசதியில்லாத பழைய பங்குதாரரின் பங்கு வீதம் அந்த அளவுக்குக் கரைந்துபோகும். நானே ஒரு கம்பனியில் அப்படிக் கரைந்தவன். உரிமைக் கடிதம் வந்தது. மகளின் கலியாணச் செலவும் அந்த மாதமே வந்தது.

இனி, அம்மாவிடம் இருக்கும் அந்த அறிக்கைக்கு வருவோம். படங்கள், தலைவரின் செய்தி எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கடைசிப் பகுதியில் நிதி இடர் முகாமைத்துவம் என்ற குறிப்பைத் திறவுங்கள். கணக்கீட்டு நியமத்தின்படி அதை எழுதியே ஆக வேண்டும். வட்டி 1 சதவீதம் ஏறினால் இலாபம் எவ்வளவு குறையும் என்று பல கம்பனிகள் அங்கே அழகாக ஓர் அட்டவணை போட்டிருக்கும். அந்தத் தொகையை 7ஆல் பெருக்குங்கள். ஏப்ரல் 8 அப்படித்தான் வந்தது. வந்த விடையைக் கம்பனியின் வருட இலாபத்துக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு, ஒரு வருடத்துக்குள் கட்ட வேண்டிய கடன் எவ்வளவு, கையிலும் வங்கியிலும் உள்ள காசு எவ்வளவு என்று பாருங்கள்.

அம்மா அறிக்கையைக் கைப்பையிலேயே கொண்டுவந்திருக்கிறார் என்று இப்போது தெரிகிறது. தேநீர் வருவதற்குள் அந்தப் பக்கத்தை இருவருமாகத் தேடிப் பார்க்கிறோம். கண்ணாடி வைத்திருப்பவர் யாராவது முன்னுக்கு வாருங்கள். எழுத்து மிகவும் சிறியது.