சபை வளரக் காரணம் தலைமையே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, அறுப்பின் பண்டிகை அசனச் சாப்பாடு செரிக்கும் முன்னே வந்து உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

சபை ஆரோக்கியமாக வளரப் பெரிதும் காரணம் வேதாகமம் காட்டும் தலைமையா, விசுவாசிகளின் உழைப்பா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய அண்ணன் காலையில் நடந்த காணிக்கைப் பொருள் ஏலத்தையே கையில் எடுத்துக்கொண்டார். ஏத்தன் வாழைக்குலையை விலையேற்றிக் கேட்டது விசுவாசி, பந்தல் போட்டது விசுவாசி, சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துப் பிடியரிசி சேர்த்தது எங்கள் வீட்டுப் பெண்கள், ஆயர் என்ன செய்தார் என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, அவர் இவ்வளவு நேரம் சொன்னது காணிக்கை வளர்ந்த கதை. சபை வளர்ந்த கதையை இன்னும் தொடவே இல்லை.

நான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்தே வருகிறேன். வேதாகமத்தில் வரும் எருசலேம் சபையில் முதல் பெரிய சண்டை எதற்கு வந்தது? சாப்பாட்டுக்குத்தான். கிரேக்க மொழி பேசின விதவைகளுக்குப் பந்தி சரியாகக் கிடைக்கவில்லை என்று முறுமுறுப்பு. உழைக்க ஆளில்லாமலா அந்தச் சண்டை வந்தது? சொத்தை விற்றுக் கொண்டுவந்து கொடுத்த விசுவாசிகள் இருந்த சபை அது! சபையை நடத்திய அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களை அதட்டி உட்கார வைக்கவில்லை. கரண்டியைத் தாங்களே வாங்கிப் பரிமாறவும் இல்லை. ஜெபமும் வசனமும் எங்கள் வேலை, பந்திக்கு நற்சாட்சியும் ஞானமும் உள்ள ஏழு பேரை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு என்று தொடங்கும் அந்த ஏழு பேரும் கிரேக்கப் பெயர்க்காரர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பொறுப்பு போயிருக்கிறது பாருங்கள். அதற்கு அடுத்த வரியில்தான் சீஷருடைய தொகை பெருகியது என்று வருகிறது.

"தேர்ந்தெடுத்தது சபையார்தானே?" என்று அண்ணன் அங்கிருந்து கை காட்டுகிறார். ஆமாம் அண்ணே. தகுதி என்னவென்று சொன்னது யார்? நம் ஊர்க் கமிட்டி எலெக்‌ஷன் மாதிரி, யாருக்கு எத்தனை வீட்டு ஓட்டு என்று கணக்குப் போட்டா எடுத்தார்கள்? அப்போஸ்தலர் பவுல் தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, கண்காணிக்கு, அதாவது சபைத் தலைவருக்கு, வேண்டியதைச் சொல்கிறார். பண ஆசை கூடாது, சண்டைக்காரன் கூடாது, அந்நியரை உபசரிக்க வேண்டும், தன் வீட்டை நன்றாக நடத்துகிறவனாக இருக்க வேண்டும். திறமை என்று பார்த்தால் போதிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த அளவுகோலை வைத்தால் நம் பக்கம் எத்தனை பேர் நாமினேஷன் போடுவார்கள் என்று தெரியவில்லை. சரி, அதை விடுவோம்.

இப்போது குமரி மாவட்டத்து மயிலாடிக்கு வருவோம். அந்த ஊர்க்காரரான வேதமாணிக்கத்தை அண்ணன் தன் அணிக்கு இழுத்துக்கொண்டார். மிஷனெரி வந்தா சபை தொடங்கியது, சாதாரண விசுவாசியான வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய் ஞானஸ்நானம் பெற்று வந்து, ஊழியரை அனுப்புங்கள் என்று கேட்டதால்தானே தொடங்கியது என்றார். அதில் பாதியை நான் ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதியை அவர் சொல்லாமல் விட்டார். 1806-ல் ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். 1809-ல் அங்கே ஆலயம் எழும்பியது. தாமரைக்குளம், புத்தளம், ஈத்தாமொழி என்று சபைகள் பரவின. ஆள் சேர்ந்தால் போதும் என்று ஞானஸ்நானம் கொடுக்க அவர் அவசரப்படவில்லை. உள்ளூர்க்காரர்களையே வசனம் போதிக்கும் உபதேசியார்களாக வைத்தார். 1816-ல் உடல்நலம் கெட்டு அவர் புறப்பட்டபோது, பொறுப்பு முழுவதையும் வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1818-ல் அடுத்த மிஷனெரியான மீட் ஐயர் நாகர்கோவிலில் வேலையைத் தொடங்கும் வரை, வெள்ளைக்கார மிஷனெரி ஒருவர்கூட இல்லாத அந்தக் காலத்தைத் தாங்கி நின்றவர் வேதமாணிக்கம்தான்.

அவரை 'சாதாரண விசுவாசி' என்று சொல்லிக் கடந்து போகலாமா ஐயா? உழைக்கிறவனைப் பார்த்து, இவனிடம் சபையை நம்பிக் கொடுக்கலாம் என்று கண்டுகொண்டவர் ரிங்கல்தௌபே. கிடைத்த பொறுப்பைத் தன் சொத்தாக்கிக்கொள்ளாமல், அடுத்து வந்தவருக்கு வழிவிட்டவர் வேதமாணிக்கம். இந்த இரண்டு பேரையும்தான் நான் தலைமை என்கிறேன்.

மோசமான தலைவர்களும் உண்டே என்பார்கள். உண்டு. யோவான் எழுதிய மூன்றாம் நிருபத்திலேயே தியோத்திரேப்பு என்று ஒருவர் இருக்கிறார். முதலிடம் தனக்கே வேண்டும் என்று சபைக்கு வந்த சகோதரரை ஏற்றுக்கொள்ள மாட்டார், ஏற்றுக்கொள்கிறவர்களையும் வெளியே தள்ளுவார். அந்தச் சபையிலும் உழைக்கிற விசுவாசிகள் இருந்தார்கள் ஐயா. ஒரு ஆள் தலைமையில் கெட்டதும் அவ்வளவு பேருடைய உழைப்பும் எங்கே போனது? இதைவிட என் அணிக்கு நல்ல சாட்சி கிடைக்காது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்துப் பேச வரும் அக்காவிடம் ஒன்றே ஒன்று. 1816-ல் ரிங்கல்தௌபே யாரிடமும் எதையும் ஒப்படைக்காமல் கிளம்பியிருந்தால், அந்த இரண்டு வருஷம் மயிலாடியில் ஞாயிற்றுக்கிழமை யார் வசனம் சொல்லியிருப்பார்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அக்கா தன் பேச்சைத் தொடங்கட்டும். நன்றி.