சுவர் குடிக்கும் வாயு

வணக்கம். சாம்பிராணி போட்ட வீட்டுக்கு மறுநாள் போய்ப் பாருங்கள். எவர்சில்வர் குடத்தில் வாசனை இருக்காது. திரைச்சீலையில், தலையணையில், மர பீரோவுக்குள் இருக்கும். புகையைக் குடித்தது யார் என்று வீடே காட்டிக்கொடுத்துவிடும். கிருமியைக் கொல்ல அறைக்குள் நாம் விடும் வாயுவும் இப்படித்தான். முதலில் அதைக் குடிப்பது அந்த அறை.

அறுவை அரங்கில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் ஃபார்மலின்தான், அதாவது ஃபார்மால்டிஹைடு வாயு கரைந்த தண்ணீர். கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டுவோம். வாளியில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் போட்டு ஃபார்மலினை ஊற்றியதும் குபுகுபுவென்று பொங்கும். ஊற்றியவர் அடுத்த நொடி வெளியே இருக்க வேண்டும். ஓடும் அவசரத்தில் செருப்பை உள்ளேயே விட்டவர்கள் உண்டு. சரி, அது இருக்கட்டும். ஞாயிறு முழுக்கப் பூட்டு. திங்கள் காலை அம்மோனியா வைத்து மிச்சத்தை முறிப்போம்.

ஒரு திங்கள்கிழமை. அம்மோனியா வைத்தாயிற்று, மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. தையல் நூல் எடுக்க சிஸ்டர் மர அலமாரியைத் திறந்தார். திறந்த கையோடு கண்ணைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தார். உள்ளே பிளைவுட் தட்டு, மடித்துவைத்த துணி. இரண்டு நாள் குடித்ததை அவை மெல்ல மெல்லக் கக்கிக்கொண்டிருந்தன. காற்றில் இருந்ததைத்தான் அம்மோனியா முறித்தது. பலகைக்குள் போனதை எட்டவில்லை. மூலைச் சுவரில் மாவு பூசினாற்போல் வெள்ளைப் படிவு வேறு. குளிர்ந்த இடத்தில் வாயு கெட்டியாகி உட்கார்ந்திருந்தது. நாலு பேர் சேர்ந்து அலமாரியை வராந்தாவுக்குத் தூக்கினோம். ஒரு வாரம் அங்கேயே கிடந்தது, கதவைத் திறந்தபடி.

ஆக, தொல்லை இரண்டு. அறை குடித்தால் கிருமிக்குப் போக வேண்டிய அளவு குறைகிறது. பிறகு கக்கினால் ஆளுக்கு ஆபத்து. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் சொல்லிவிட்டது.

எல்லா வாயுவும் ஒரே மாதிரி இல்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி, பூசாத சிமென்ட் கல்லில் பட்டால் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துபோகும். நெடி மிஞ்சாது, நல்லதுதான். ஆனால் கிருமியிடம் போகுமுன்பே பாதி தீர்ந்துவிடுமே! 2001இல் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி தடவிய கடிதம் போன வாஷிங்டன் ஹார்ட் செனட் கட்டடத்தில் குளோரின் டையாக்சைடு விட்டார்கள். காற்றில் ஈரம் ஏற்றினால்தான் அது வித்துகளை, அதாவது கெட்டி ஓட்டுக்குள் உறங்கும் கிருமிகளை, கொல்லும். ஜிப்சம் பலகையும் கூரை அட்டையும் அதில் தங்கள் பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஒருமுறை வாயுவை நிரப்பிவிட்டுச் சும்மா இருக்க முடியாது; அளந்து அளந்து விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கட்டடம் மறுபடி திறந்தது 2002 ஜனவரி 22இல்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தானாம். கிருமியைக் கொல்ல ஓசோன் வாயு விடும் மெஷினுக்கென்று நாலு பக்கம் எழுதி வந்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அதை ஓட்டும் அறையில் கைப்பிடியில் இழுத்து மாட்டிய ரப்பர் பேண்ட் இருந்தால், கொஞ்ச நாள் கழித்து எடுத்துப் பாருங்கள், ஓசோனைக் குடித்து வெடிவெடியாகப் பிளந்திருக்கும். வணக்கம்.