கால் ஊன்றாத வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போனது. ஆனால் நான் வளர்ந்தது தண்டையார்பேட்டையில். பக்கத்துத் திருவொற்றியூரில் புல்லட் பைக் செய்கிற என்ஃபீல்ட் தொழிற்சாலை 1950களிலிருந்து இருந்தது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே சத்தத்தை வைத்து அது புல்லட்டா வேறா என்று சொல்லிவிடுவோம். அந்த ஆசை என் காலைப் பார்த்துவிட்டா வரும்? வந்துவிட்டது.

வலது கால் திடமாக இருந்தது. சிக்னலில் நின்றால் எப்போதும் அதைத்தான் ஊன்றுவேன். இடது காலுக்குக் கியர் மட்டும். முன்பக்கம் பாதத்தால், பின்பக்கம் குதிகாலால் அழுத்துகிற லீவர் என்பதால் அதற்கு இருந்த பலமே போதும். இப்படியே 30 ஆண்டு ஓட்டினேன். கடைசியாக வாங்கிய என்ஃபீல்ட் தண்டர்பேர்ட் பைக்கில் தடா, நெல்லூர், பழவேற்காடு, ஒருமுறை கன்னியாகுமரி வரைக்கும் போய் வந்தேன்.

அப்புறம் ஒருநாள் மூலக்கடை சிக்னலில் விழுந்தேன். லாரியிலிருந்து சிந்திய மணல் மேல் வலது காலை ஊன்றினேன், வழுக்கியது. வண்டி சுமார் 190 கிலோ. சாயத் தொடங்கினால் பிடிக்க முடியாது. பூ விற்கிற அம்மாவும் ஓர் ஆட்டோக்காரரும் ஓடிவந்து தூக்கினார்கள். மணல் ஒரு சாக்குதான். போலியோ வந்தவர்களுக்குப் பல ஆண்டு கழித்து, அதுவரை நன்றாக இருந்த தசைகூடத் தளரலாம் என்று மருத்துவர் சொன்னார். என் வலது காலும் களைத்துவிட்டது.

ஸ்கூட்டர் வாங்கி இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்துக்கொள் என்றார்கள் எல்லாரும். நல்ல யோசனைதான். நம் ஊரில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்த வண்டிதான் காலும் கையும். எனக்கோ தூரப் பயணம் வேண்டும், மனைவியும் மூட்டையும் பின்னால் வேண்டும். அதனால் தண்டர்பேர்டின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஓர் ஆக்சிலில் இரண்டு சக்கரம் போட்டு, முழு மூன்று சக்கர வண்டியாக்கத் தீர்மானித்தேன்.

இது புதிய யோசனை இல்லை. ஹார்லி டேவிட்சன் 1932 முதல் 1973 வரை சர்வி-கார் என்ற மூன்று சக்கர வண்டியைச் செய்து விற்றது. இப்போதும் நீண்ட பயணத்துக்கு மூன்று சக்கர வண்டி செய்கிறார்கள். குஜராத்தின் சௌராஷ்டிரா பக்கம் போனால் சக்டா ஓடும். முன்பாதி புல்லட், பின்பாதி பாரவண்டி. அவ்வளவு தூரம் எதற்கு, காசிமேட்டுக்கு வாருங்கள். பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மாட்டி, மீனும் பாரமும் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி நம் வடசென்னை வெல்டர்கள் கையில் பிறந்ததுதானே. சின்ன வயதில் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து அதில் போயிருக்கிறேன். வளைவு வந்தால் ஓட்டுகிறவர் சீட்டில் இருந்தபடியே இடுப்பை வளைவின் உள்பக்கம் இறக்குவார். ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை. அதற்கு வருகிறேன்.

வேலையில் கைவைக்கும் முன் காகிதத்தில் கைவைத்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, பதிவுச் சான்றில் இருக்கிற விவரம், வண்டியைச் செய்த நிறுவனம் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுகிறபடி வண்டியை மாற்றக் கூடாது. மாற்றுத்திறனாளி தன் தேவைக்கு வண்டியை மாற்றிக்கொள்ள, நிபந்தனைகளோடு அதே பிரிவு வழிவிடுகிறது. நான் முதலில் விண்ணப்பம், பிறகு வெல்டிங் என்று போனேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி, கையெழுத்து வாங்கி, ஆர்சி புத்தகத்தில் ஏற்றிய பிறகுதான் தெருவில் இறக்கினேன். மீன்பாடி வண்டிக்காரர்களுக்கு இந்தக் காகிதம் இல்லாததால்தான் வண்டி பறிபோகிறது; விபத்து நடந்தால் காப்பீடும் இல்லை. தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, வண்டிக்கு வருவோம். வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். எங்களுக்குள் நடந்த பெரிய விவாதம் டிஃபரன்ஷியல் பற்றியது. வளைவில் இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற பல்சக்கரப் பெட்டி அது. "எதுக்குண்ணே அது, ஒரே ராடுல ரெண்டு வீலையும் லாக் பண்ணிடலாம், செலவு மிச்சம்" என்றார் பட்டறைத் தம்பி. நான் தரையில் சாக்பீஸால் வரைந்தேன். இரண்டு பின்சக்கரத்துக்கும் இடையே 1 மீட்டர் என்று வையுங்கள். வண்டி ஒரு யூ-டர்ன் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 3 மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டும் ஒரே ராடில் பூட்டிக் கிடந்தால் அந்த 3 மீட்டரை டயர் தரையில் தேய்த்துத்தான் கடக்கும். வண்டி திரும்ப மறுத்து நேராக முட்டும், ஈரத்தில் சட்டென்று வழுக்கும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் இழுவை கொடுக்கலாம், பழைய சைக்கிள் ரிக்‌ஷா அப்படித்தான். ஆனால் எஞ்சின் பலத்தில் அது ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். ஆட்டோவில் கூட டிஃபரன்ஷியல் இருக்கிறதே என்றேன். தம்பி சாக்பீஸ் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுநாள் டிஃபரன்ஷியலோடு வந்தார்.

கூடவே கை பிரேக் வைத்தோம், ஏனென்றால் சாய்த்து நிறுத்த இனி ஸ்டாண்டு இல்லை, சரிவில் உருண்டுவிடும். ரிவர்ஸ் வைத்தோம். காலால் உந்திப் பின்னால் தள்ள எனக்குக் கால் ஏது? ஹேண்டில் கனமாக இருந்ததால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க்கின் கோணத்தையும் மாற்ற வேண்டி வந்தது.

வண்டி தயார். ஓட்டியவன் தயார் இல்லை. இதைத்தான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

இரண்டு சக்கரத்தில், கொஞ்சம் வேகம் எடுத்த பிறகு, இடப்பக்கம் வளைய நாம் இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளுகிறோம். வண்டி இடப்பக்கம் சாய்ந்து வளைகிறது. தள்ளுகிறோம் என்று நமக்கே தெரியாது, உடம்புக்குத் தெரியும். மூன்று சக்கரம் சாயாது. அதே இடது கைப்பிடியைத் தள்ளினால் முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பும், வண்டியும் அங்கேயே போகும். காலி மைதானத்தில் முதல் வளைவிலேயே நான் நினைத்ததற்கு நேர் எதிராகச் சுவரைப் பார்த்துப் போனேன். 20 கிலோமீட்டர் வேகம், நிறுத்திவிட்டேன். சாலையில் எதிரே கன்டெய்னர் லாரி வந்திருந்தால்? ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கத்துக் கைப்பிடியை உங்களை நோக்கி இழுங்கள், உடம்பை உள்பக்கம் இறக்குங்கள். வேகமாக வளைந்தால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். மீன்பாடி வண்டிக்காரர் இடுப்பை இறக்கியது அந்தச் சக்கரத்தை அமுக்கிவைக்கத்தான்.

இன்னொன்று பள்ளம். பைக்கில் ஒரே தடம், விலக்கிவிடலாம். இதில் மூன்று தடம். நடுச்சக்கரத்தைக் காப்பாற்றினால் பக்கத்துச் சக்கரம் இறங்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் இதை ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்கிறேன். மழைநீர் வடிய சாலை ஓரம் சரிந்திருக்கும் அல்லவா, வண்டி அந்தப் பக்கமே இழுக்கும். கை சும்மா இருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது வலது கால்தான். சிக்னல் வந்தால் அது தானாகக் கீழே போகும், 30 ஆண்டுப் பழக்கம். ஆனால் இப்போது காலுக்குப் பின்னாலேயே சக்கரம் வருகிறது. இரண்டாம் நாள் காலை ஊன்றினேன், வண்டி முழுதாக நிற்கவில்லை, டயர் செருப்பின் குதியைப் பிடித்து இழுத்தது. செருப்பு போனது, கால் தப்பியது. அன்று முதல் பத்து நாள் மனைவி பின்னால் உட்கார்ந்து, சிக்னல் வந்தாலே "கால், கால்" என்று என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். பதினோராம் நாள் தட்டவில்லை. இறங்கும்போது, "இன்னிக்கு நீங்க கால ஊனவே இல்லீங்க" என்றாள்.

இந்த வண்டியை நீங்களும் செய்வதாக இருந்தால், முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஆக்சில் போல்ட்டுகள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள். என் வண்டியில் இரண்டு தளர்ந்திருந்தன. வணக்கம்.