சந்தா கட்டிக் காக்கும் வீடு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இயங்கிவந்த ஆரிஜின் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1997 செப்டம்பரில் 'அல்டிமா ஆன்லைன்' என்ற இணைய விளையாட்டை வெளியிட்டது. பிரிட்டானியா என்னும் அதன் கற்பனை நாட்டில் இன்றும் பலர் வீடு வைத்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் இரண்டரை லட்சம் சந்தாதாரர்கள் நடமாடிய அந்நாட்டில், இப்போது பல தெருக்களில் ஆளரவமே இல்லை. அப்படியிருந்தும் மாதம் ஏறத்தாழ 13 டாலர் கட்டி அந்த வீட்டை விடாமல் வைத்திருப்பவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தொடக்க ஆண்டுகளில் அங்கே மனை கிடைப்பதே அரிதாக இருந்தது. ஒரு சிறு குடில் கட்டும் அளவுக்கு இடம் தேடி இரவெல்லாம் காட்டில் அலைந்தவர்கள் உண்டு. 2000-ஆம் ஆண்டில் நிறுவனம் அந்த நிலப்பரப்பைப் போலவே இன்னொன்றை உருவாக்கித் திறந்துவிட வேண்டியதாயிற்று. நீளத்திலும் அகலத்திலும் 31 கட்டங்கள் கொண்ட கோட்டையை ஈபே தளத்தில் உண்மையான பணத்துக்கு வாங்கிய காலமும் இருந்தது. அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று வீட்டைப் பிடித்திருப்பவர் ஏமாந்துதான் போவார். ஒப்பந்தப்படி அங்கே உள்ள ஒரு செங்கல்கூட விளையாடுபவருக்குச் சொந்தமில்லை. சந்தா நின்று குறிப்பிட்ட காலம் கடந்தால் வீடு சிதையத் தொடங்கிவிடும்.

அந்தச் சிதைவு கண்ணெதிரே நடப்பது. ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு பெயர்ப்பலகை உண்டு. அதைத் தொட்டால் வீட்டின் நிலை தெரியும். புதிது போல் இருக்கிறது என்பதில் தொடங்கி, சற்றே பழுது, மிகவும் பழுது என்று படிப்படியாக இறங்கி, இடிந்து விழும் அபாயத்தில் இருக்கிறது என்ற கடைசி வரியில் வந்து நிற்கும். அந்தக் கடைசி வரி தோன்றியதும், வீட்டைச் சுற்றி முன்பின் அறியாதவர்கள் கூடிக் காத்திருப்பார்கள். வீடு மறைந்த நொடியில், ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த கவசங்களும் புத்தகங்களும் வெறுந்தரையில் சிதறிக் கிடக்கும். கை முந்தியவருக்கே அவை சேரும்.

ஆனாலும் எனக்குப் பெரிதாகப் படுவது அந்தக் கவசங்களின் இழப்பு அன்று. அவ்வுலகில் தொலைதூர இடங்களுக்குச் செல்ல, இடம் குறித்த மந்திரக்கல் வேண்டும். 'ரூன்' எனப்படும் அக்கற்களைப் பொறுமையாகச் சேகரித்து, புத்தகங்களில் அடுக்கி, கதவைத் திறந்தே வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்திக்கொள்ளச் சிலர் தம் வீட்டையே நூலகமாக்கியிருக்கிறார்கள். குகைகளுக்கும் தீவுகளுக்கும் கோயில்களுக்கும் அங்கிருந்தே வழி. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்காரர் சந்தாவை நிறுத்தினால், புதிதாக வருபவருக்கு நாட்டின் பாதிப் பாதைகள் அடைபட்டுப் போகும். ஆகையால் அவர் மாதந்தோறும் கட்டும் தொகையை வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பூட்டிய கதவுக்குள் பொருளைக் குவித்துவிட்டு ஆண்டுக்கொருமுறை எட்டிப் பார்ப்பவரையும் இவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

2018-இல் கட்டணமின்றி விளையாடும் வசதி வந்தபோதும், அவ்வாறு வருபவர்கள் வீடு வைத்துக்கொள்ள அனுமதிக்கப்படவில்லை. எனவே பலர் கட்டும் சந்தா, உள்ளபடியே வீட்டுக்காகக் கட்டும் வரியாகிவிட்டது. வேலை, குடும்பம், உடல்நிலை என்று ஏதோ ஒரு காரணத்தால் அது ஒருநாள் நிற்கத்தான் செய்யும். அந்த நாளுக்கு முன்பே வீட்டைக் கைமாற்றிவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதற்கு விளையாட்டிலேயே வழி இருக்கிறது: வீட்டுப் பலகையைத் திறந்து உரிமை மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தால், கொடுப்பவர், பெறுபவர் இருவர் திரையிலும் ஒரு சிறு சாளரம் விரியும், இருவரும் ஒப்புதல் குறி இட்டதும், உள்ளே அடுக்கிய ஒரு புத்தகமும் அசையாமல், வீடு அடுத்தவர் பெயருக்கு மாறிவிடும்.